கை வைக்காதவள்

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவளுக்கு ஒரு விளம்பரமாகிவிடும். "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை என்பதும் தெரியும். ஆனால் என்னைவிட இளையவள், எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இந்த ஒரு உரிமையையாவது நான் எடுத்துக்கொள்கிறேன்.

வந்த சில நாட்களிலேயே அலுவலகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் அங்கேயே குப்பை கொட்டிய நான் இன்றைக்கும் எல்லோருக்கும் 'மிஸ்' தான். மிஸ் என்றால் மரியாதை, அக்கா என்றால் பாசம் என்று என் அம்மா சமாதானம் சொன்னார். எனக்கு மரியாதை போதுமென்று யார் சொன்னது?

கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பனி. கீழே முதலாளியின் வாப்பா ஆணியும் பெயின்ட்டும் விற்கிறார். மேலே மகன் ஒரு பெட்டி விற்கிறார். தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுவார்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் காற்று என்று பார்த்து விசிறிகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்தப் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் ஓடும் நிரலை லூவா என்ற மொழியில் நாங்கள் எழுதுகிறோம். பெட்டி பிறந்த நாளிலிருந்து நான் அதோடு இருக்கிறேன்.

அவள் வந்த நேரம், எங்கள் தலைமைப் பொறியியலாளர் மெல்பேர்னுக்குக் குடிபோய், அவருடைய பதவி காலியாகக் கிடந்தது. அது எனக்கு வரவேண்டிய பதவி. இதை நான் அடக்கத்தோடு சொல்லவில்லை. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலாளியும் "பாப்போம் மிஸ், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் 'பாப்போம்' நீண்டுகொண்டிருந்த காலத்தில்தான், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையும் குடையுமாக அவள் படியேறி வந்தாள்.

அவளுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார்கள். போன மனிதர் ஆறடி உயரம். அவருக்காக ஏற்றி வைத்திருந்த கதிரையில் இவள் உட்கார, கால் தரையில் முட்டவில்லை. கீழே ஒரு பிடி இருக்கிறது, இழுத்தால் இறங்கும் என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

"இது ஆற்ற கதிரை?" என்று கேட்டாள். யாருடைய கதிரை என்று அர்த்தம்.

"போனவரோடதுங்க. அவரு திரும்பி வரமாட்டாரு. எறக்கிக்கோங்க."

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள். ஆனால் இறக்கவில்லை. மறுநாள் கீழே கடையிலிருந்து ஒரு வெறும் பெயின்ட் டின்னைக் கேட்டு வாங்கிவந்து, காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். போகும் நாள் வரைக்கும் அந்த டின்மேல்தான் கால். முதலாளியின் வாப்பா அன்றிலிருந்து அவளை "எங்கட டின் மகள்" என்று கொண்டாடினார். அதே மாடியில் இத்தனை வருடமாக ஏறி இறங்கும் என் பெயரை அவர் இன்னும் மாற்றித்தான் சொல்கிறார்.

அவளுடைய முழுக் குணமும் அந்தப் பெயின்ட் டின்னில் இருந்தது. தன் கைக்கு வந்த எதையும் அவள் மாற்ற மாட்டாள். மாற்றம் வேண்டுமென்றால் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வாள். "மற்ற ஆக்களின்ர சாமானில கை வைக்கப்படாது" என்பாள், யாரோ சின்ன வயதில் சூடு போட்டுச் சொல்லிக்கொடுத்த மாதிரி. முதலாளி தன் கடிதத்தில் இங்கிலிஷ் பிழை பார்க்கச் சொன்னால், அவருடைய கடிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்து, திருத்தியதைத் தனியாக இணைத்து அனுப்புவாள். என்னிடம் தந்தால் நான் அவருடைய கடிதத்திலேயே பாதியை வெட்டிவிடுவேன். எது நல்ல வேலை என்று நீங்களே சொல்லுங்கள். முதலாளி அதற்குப் பிறகு என்னிடம் கடிதம் தரவில்லை.

லூவாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் எதையும் போட்டு வைக்க ஒரே ஒரு சாமான்தான் உண்டு, டேபிள். சமையலறை அலமாரித் தட்டில் டின் அடுக்கி, சீனி, உப்பு, தேயிலை என்று பெயர் ஒட்டுகிறோமே, அதுதான் டேபிள். பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது கைக்கு வரும். ஒரு டின்னுக்குள் இன்னொரு சின்னத் தட்டையே வைக்கவும் வழியுண்டு. ஆனால் தட்டைத் தருகிறார்களே தவிர, கூடவே மற்ற வசதிகளை அவ்வளவாகத் தருவதில்லை. இரண்டு தட்டை ஒன்றாக்குவது, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது, ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்வது, எல்லாவற்றுக்கும் நாமேதான் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் வரும்வரை நாங்கள் ஆளாளுக்கு, அந்தந்த இடத்தில், அப்போதைக்கு எழுதிக்கொண்டிருந்தோம்.

அவள் வந்து இவற்றையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி வைத்தாள். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. சேர்ப்பது ஒன்று, பொறுக்குவது ஒன்று, தலைகீழாக அடுக்குவது ஒன்று, பிரதி, அதாவது கொப்பி, எடுப்பது ஒன்று. நான் திறந்து பார்த்தேன், குறை சொல்லத்தான். எல்லாவற்றிலும் ஒரே பிடிவாதம்: கொடுத்த டேபிளைத் தொடவே மாட்டாது. புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிடும். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. நான் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் இருக்கிற டேபிளையே போட்டுக் குலைத்து வரிசைப்படுத்துவேன், வேகமாக முடியும்.

"பொட்டிக்குள்ள மெமரி கொஞ்சம்தாங்க. எதுக்கு சும்மா சும்மா கொப்பி எடுத்துக்கிட்டு இருக்கணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள். "ஆனா ஒரு ஆள் என்னை நம்பி ஒரு டேபிளைத் தாறார். நான் அதுக்குள்ள கையை வைச்சிட்டன் எண்டா, பிறகு அவர் வந்து பாக்கேக்க அது வேற மாதிரிக் கிடக்கும். ஏன் மாறினதெண்டு அவருக்கு விளங்காது. நாள் முழுக்கத் தேடுவார், பாவம்."

"நீங்க பாவம் பாத்தா பொட்டி நின்னு போயிரும்."

"ஓம், அதையும் அளந்து பாப்பம்" என்று சொல்லி, அளந்தும் பார்த்தாள். பெட்டி நிற்கவில்லை. மெமரி தாராளமாக மிஞ்சியது. சண்டைக்கு வந்தவளிடம் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்பவளோடு எப்படிச் சண்டை போடுவது? சுவரில் பந்தடித்தாலாவது திரும்பி வரும்.

அன்றிலிருந்து எல்லோரும் அதையே எடுத்துப் பாவிக்கத் தொடங்கினார்கள். "அக்காட ஃபங்ஷனைப் போடு", "அக்காட கோப்பில பாரு" என்பதுதான் பேச்சு. கடைசியில் நானும் பாவித்தேன். பாவிக்காவிட்டால் என் வேலைதான் பிந்தும். நான் எழுதிய நிரலைத் திறந்தால் வரிக்கு வரி அவள் நின்றாள். என் வீட்டுக்குள் நானே அவளுக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன் என்று வயிறு எரியும்.

எங்களோடு குண்டசாலைக்காரர் ஒருவர் வேலை செய்கிறார், சிங்களவர், பெட்டிக்கு வயர் பூட்டுபவர். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் தமிழ் படித்தவர், பேச ஆசை. முதலில் என்னோடுதான் பேசிப் பழகினார். "மிஸ், நான் நேத்து வீடு போறது, மழை மிச்சம்" என்பார். நான் "போறது இல்ல, போனேன். போனேன்னு சொல்லுங்க" என்பேன். நல்ல எண்ணத்தில்தான். கொஞ்ச நாளில் என்னோடு இங்கிலிஷுக்கு மாறிவிட்டார். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரம், இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று தமிழில் பேசுவது கேட்டது. "அக்கா, அம்மா மருந்து இல்ல சாப்பிடு. நான் சண்டை. அம்மா அழு." அவள் ஒரு சொல்லைத் திருத்தவில்லை. "பிறகு?" என்றாள். அவர் தொடர்ந்தார். "அச்சோ. பிறகு?" என்றாள். அந்த மனிதருடைய அம்மாவுக்குச் சுகமில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் பக்கத்து மேசை. சோற்றுப் பார்சலைப் பாதியில் மூடி வைத்தேன்.

இதையெல்லாம் அலுவலகத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு வத்தேகமயில் எங்கள் வீட்டுக்கு நானே அவளைக் கூப்பிட்டேன். ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை என்றாள், பாவம் என்று கூப்பிட்டேன். புத்தி இல்லாமல்தான்.

என் அம்மாவின் சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை. பால்மா டின்னில் சீனி இருக்கும். பிஸ்கட் டின்னில் மிளகாய்த்தூள். உப்பு என்று எழுதிய போத்தலில் கடுகு. இந்தக் கண்றாவியைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, சரியான டின்னில் சரியான பொருளைப் போட்டு, பெயர் அச்சடித்து ஒட்டி வைத்திருந்தேன். அம்மா அன்றிலிருந்து எதையெடுத்தாலும் "அது எங்க, இது எங்க" என்று தேடினார். பிறகு எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டார். இதில் எனக்கும் அவருக்கும் வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை.

இவள் வந்தாள். பிளேன்டீ ஊற்ற அம்மாவோடு சமையலறைக்குள் போனாள். "சீனி எங்கயம்மா?" என்று கேட்டாள். அம்மா வெட்கத்தோடு பால்மா டின்னைக் காட்ட, இவள் அதைத் திறந்து போட்டுக்கொண்டு, மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒரு கேள்வி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. அடுத்த தரம் அவள் கேட்கக்கூட இல்லை. நேரே பால்மா டின்னுக்குக் கை போனது.

"உங்கட ஒழுங்கு சுலபமா மனசில நிக்குது" என்றாள் அம்மாவிடம்.

அம்மா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அன்றும் அப்படி மலரவில்லை. அவள் பஸ் ஏறிப் போனபிறகு, "அந்தப் புள்ள வந்துட்டுப் போனா வீடு நெறஞ்ச மாதிரி இருக்கு. நீயும் இருக்கியே, வந்தா வீடு கச்சேரி மாதிரி ஆயிருது" என்றார். இங்கே கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். பெற்ற தாய் சொன்ன வார்த்தை.

அப்போதுதான் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தேன். பதவி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே ஒரு தடவையாவது இவளை நான் வெல்ல வேண்டும், அதுவும் டேபிளில், அவளுடைய சொந்த மைதானத்தில். அதை இவள் வாயாலேயே சொல்ல வேண்டும். வேறெந்த நல்லதும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் காத்திருந்தேன். சறுக்கியது.

வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையிலிருந்து டீமேக்கர் போன் எடுத்தார். டீமேக்கர் என்றால் கொழுந்து தேயிலையாகும் வரைக்கும் முழுப் பொறுப்பும் அவர்தான். பேசியது நான்.

"ஏம்மா, ஒரு தொட்டிக்குச் சொன்னா எல்லாத் தொட்டியும் கேக்குதும்மா! என்னா பொட்டி செஞ்சு குடுத்திருக்கீங்க?"

மழையில் நனைந்த கொழுந்து ஒரு தொட்டிக்கு வந்திருக்கிறது. ஈரக் கொழுந்துக்குச் சூடு கூட வேண்டும். அந்தத் தொட்டிக்கு மட்டும் கூட்டியிருக்கிறார். மற்ற எல்லாத் தொட்டிகளுக்கும் கூடிவிட்டது. நல்ல கொழுந்தெல்லாம் சருகாகக் காய்ந்து, கையில் எடுத்தால் நொறுங்குகிறது. முதலாளி, நான், அவள் மூன்று பேரும் கம்பனியின் வான் வண்டியில் ஏறிப் போனோம். அந்தத் தோட்டக் கம்பனிக்கு இன்னும் பல தொழிற்சாலைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் பெட்டி கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்து, நான் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாகத் தேடினோம். தொழிற்சாலைகள் பகலுக்கும் இரவுக்கும் வேறு வேறு அளவு கேட்டதால், ஒவ்வொரு தொட்டியின் டேபிளுக்குள்ளும் அளவுகளுக்கென்று ஒரு சின்ன டேபிளை அண்மையில்தான் புகுத்தியிருந்தோம். எல்லாவற்றுக்கும் மூலமாக ஒரு டேபிள் இருக்கும். அதை அவளுடைய ஃபங்ஷன் தொட்டிக்கொன்றாகக் கொப்பி எடுத்துக் கொடுக்கும். நான் அந்தக் கொப்பி ஃபங்ஷனைத் திறந்தேன். எத்தனையோ தரம் குறை தேடிப் பார்த்து மூடிய அதே சின்ன ஃபங்ஷன். இந்தத் தரம் தெரிந்துவிட்டது.

அது வெளி டேபிளைத்தான் புதிதாகச் செய்தது. உள்ளே இருந்த சின்ன டேபிளைப் புதிதாகச் செய்யவில்லை. அதே ஒன்றைத்தான் எல்லாத் தொட்டிக்கும் காட்டிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குப் புதுச் சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறாள், வீடு மட்டும் ஒன்று. ஒருவர் உள்ளே போய்ச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் எல்லோருடைய வீட்டுக்கும் அடித்ததாகிவிடும். மற்ற ஆட்களின் சாமானில் கை வைக்கக்கூடாது என்று உபதேசம் செய்தவளுடைய ஃபங்ஷன், எல்லோரையும் எல்லோருடைய சாமானிலும் கை வைக்க விட்டிருக்கிறது!

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. முதலாளி நின்றார், டீமேக்கர் நின்றார், கொழுந்து அள்ள வந்த இரண்டு பெண்கள்கூட நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிழை கொப்பி ஃபங்ஷன்ல இருக்குங்க. உள் டேபிளை அது கொப்பி எடுக்கல" என்றேன். யாருடைய ஃபங்ஷன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கணம். பிறகு இரண்டு கையையும் தட்டி, வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயோ, ஓம்! எவ்வளவு வடிவாப் பிடிச்சிருக்கிறீங்கள்! நான் இதை நூறு தரம் பாத்திருப்பன், என்ர கண்ணில படேல்லையே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். டீமேக்கரிடம் திரும்பி, "ஐயா, பிழை என்ர. முழுக்க என்ர. கண்டுபிடிச்சது இவ. உங்கட கொழுந்து பழுதாப் போனதுக்கு நான்தான் காரணம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

நான் நினைத்த காட்சி இதுவல்ல. அவள் முகத்தில் ஈயாடக் கூடாது, கண் கலங்க வேண்டும், நான் பெருந்தன்மையாக ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்கு வசனம்கூட மனதுக்குள் தயாராக இருந்தது.

காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த டீமேக்கர் அப்படியே அடங்கிப்போனார். "அட, விடுங்கம்மா. இந்த லைன்ல இருக்கிற காலத்துக்கும், எம் மேல தப்புன்னு ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்ல" என்றார். உள்ளே போய், ஏற்றுமதிக்கு வைத்திருந்த நல்ல தேயிலையில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். பிழை விட்டவளுக்குத் தேயிலை! கண்டுபிடித்த எனக்கு, "நீயும் பக்கத்தூருப் புள்ளதானேம்மா, கவனமாப் போ" என்று ஒரு வார்த்தை. அந்தத் தேயிலையைப் பாதியாகப் பிரித்து வானில் வரும்போது எனக்குத் தந்தாள். வாங்கினேன். அருமையான தேயிலை, அதைக் குடிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

மறுவாரம் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, பதவியை எனக்குத் தந்தார். நான் அழாத குறை. அன்று அலுவலகம் முழுவதற்கும் கேக்கும் ரோல்ஸும் வாங்கினேன். அவளுக்கு மட்டும் நானே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வென்றவள் அப்படித்தானே செய்ய வேண்டும். "நல்ல சந்தோசம்" என்றாள், வாய் நிறைய ரோல்ஸோடு. பொய்யில்லாத முகம். அந்த முகத்தில் கொஞ்சம் பொறாமை இருந்திருந்தால் அந்த ரோல்ஸ் எனக்கும் ருசித்திருக்கும்.

அன்று பின்னேரம் முதலாளி வாசல்வரை வந்து, நல்ல மனதோடு, தலையில் இடியைப் போட்டார்.

"நான் முந்தி அவங்கள்ட்ட தான் கேட்ட, மிஸ். அந்த டீமேக்கரும் அவங்களத்தான் கேட்ட. அவங்க ஏலாண்டு சொல்லிட்டாங்க. ஒங்கட பேரச் சொன்னதே அவங்கதான்."

"ஏன் வேணாம்னாங்களாம்?"

"ஆக்கள மேய்க்க அவங்களுக்கு விருப்பமில்லயாம். 'அவவுக்கு ஆக்களைத் திருத்த விருப்பம், நல்லா வருவா' எண்டாங்க." முதலாளி சிரித்தார். "மிச்சம் நல்ல புள்ள."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளுக்குக் குத்தத் தெரியாது. நிஜமாகவே அதை ஒரு திறமை என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். நான் ஆசைப்பட்ட பதவி அவள் கைக்குப் போய், வேண்டாமென்று வந்தது என்பதை அன்று பஸ்ஸில் நின்றபடி யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கும் இடத்தையும் தவறவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதை அளக்கும் கருவி செய்கிறார்கள், அங்கே வேலை கிடைத்தது என்று போய்விட்டாள். போகும் நாள் குண்டசாலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் ஏதோ சொன்னார். நானும் அழுதேன். ஏன் அழுதேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஓர் எரிச்சலான உண்மை தெரிந்தது. நான் எழுதும் ஒரு வரியைப் பார்த்து, அது ஏன் நல்ல வரி என்று தெரிந்து ரசிக்கக்கூடிய ஆள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு வேலை நடந்தால் சரி.

இப்போது நான்தான் தலைமை. அந்தக் கொப்பி ஃபங்ஷனை உள்ளே வரைக்கும் கொப்பி எடுக்கும்படி நான்தான் திருத்தி எழுதினேன். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் அதை "அக்காட ஃபங்ஷன்" என்கிறார்கள், அவளை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை.

போன கிழமை நான் ஒன்று எழுதினேன். இரண்டு டேபிளைக் கொடுத்தால், ஆழம்வரை போய், எங்கெங்கே வித்தியாசம் என்று மட்டும் பொறுக்கித் தரும். நேற்றிருந்த அளவுக்கும் இன்றைய அளவுக்கும் எது மாறியது என்று தொழிற்சாலையில் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். கொடுத்த இரண்டையும் தொடாது. அதை நான் எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன். காட்ட யாரும் இல்லை. சந்தேகம் கேட்பதுபோல ஒரு சாக்கு வைத்து, அவளுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பதில் வந்தது. "சோக்கா இருக்கு! ஒரு பக்கம் இல்லாத பெயரையும் பிடிக்கிற இடம் எனக்கு ஓடியே இராது. நான் இதை இங்க பாவிக்கலாமோ?"

எனக்கு ஓடியே இராது. தனக்குத் தோன்றியே இருக்காது என்று, அவள் வாயாலேயே. பஸ் புறப்படும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா, என் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஏதோ கலியாணம் சரிவந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். பிறகு என் புத்தி என்னை விடவில்லை. என்னிடம் அவள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், முதல் தடவையாக. இல்லையென்று சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும்?

"இது கம்பனி சொத்துங்க. வெளிய குடுக்க முடியாது, தப்பா நெனைக்காதீங்க" என்று எழுதி அனுப்பினேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று உடனே வந்தது.

மடவளையைத் தாண்டும் வரைக்கும் நான் ராணி. ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, அவள் அங்கே என்ன செய்வாள், யாரைக் கேட்பாள் என்று நினைத்து ருசித்துக்கொண்டு வந்தேன். வத்தேகமக்குக் கொஞ்சம் முன்னால் போன் மறுபடி முனகியது.

"அப்ப நானே ஒண்டு எழுதிப் பாத்தன். உங்கடையைப் பாத்து எழுதேல்லை, வேற வழியாலதான் போயிருக்கிறன். நேரம் கிடைச்சா பாருங்கோ. பிழை இருந்தால் நீங்கள்தான் பிடிப்பீங்கள்."

கீழே ஃபங்ஷன். என்னுடையதில் பாதிகூட இல்லை. பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, கண்டக்டர் வந்து "மிஸ், கடைசி ஹோல்ட்" என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் ஓட்டினேன். வெறும் டேபிளைக் கொடுத்தேன், சரியாகச் சொன்னது. டேபிளுக்குள் டேபிளுக்குள் டேபிள் வைத்துக் கொடுத்தேன். தன்னையே தனக்குள் வைத்திருக்கும் டேபிளைக்கூடக் கொடுத்துப் பார்த்தேன்; என்னுடையது அதில் சுற்றிச் சுற்றிச் செத்துப்போனது, அவளுடையது அமைதியாகப் பதில் சொன்னது.

அம்மா பிளேன்டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "யாரு, அந்தப் புள்ளையா? ஒன்னையத்தான் ஞாபகமா வச்சிருக்கா பாரு. பதில் போட்டியா? நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். இன்றோடு ஒரு கிழமையாகிறது, இன்னும் சொல்லவில்லை. முதலில் அதில் ஒரு பிழையாவது கிடைக்கட்டும்.